கைமாற்றுச் செய்தியை உடைத்தவர்

காலை ஏழேகால். பழைய அச்சகக் கட்டடத்தின் முதல் மாடியில், படியேறி வந்தால் வலப்பக்கம் இருந்த கதவு, கீல் பெயர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் உடனே உள்ளே போகவில்லை. எந்த இடமானாலும் மூச்சு வாங்கி முடிகிறவரை வாசலில் நின்று சும்மா பார்ப்பது அவள் பழக்கம். உள்ளே இரும்புக் கட்டில், மேசை, மேசைமேல் பாதி வரைந்த ஒரு படம். அதன் பக்கத்திலேயே கைக்கடிகாரமும் பணப்பையும் தொடாமல் கிடந்தன. திருட வந்தவர்கள் இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கதவு நிலைக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், சுவரில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. ஓரம் பிய்ந்திருந்தது. செங்கல் தூள் தரையில் மட்டுமில்லை, சாய்ந்து கிடந்த கதவின் மேலும் சிதறியிருந்தது. அவள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

இடப்பக்கக் கதவு ஒரு சாண் திறந்தது. அதன் மேல் 'ஆண்கள் ஆடை தைக்கப்படும்' என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே தையல்காரரின் முகம்.

"எத்தனை பேர் வந்தாங்க?"

"மூணு பேர் மேடம். செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒருத்தன் முறைச்சான். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். சொல்லவே வெக்கமாத்தான் இருக்கு."

"உங்க கதவைத் தட்டினாங்களா? யார் வீடுன்னு விசாரிச்சாங்களா?"

"ஒண்ணும் கேக்கல. சொந்த வீட்டுக்கு வர்றவங்க மாதிரி நேரா அந்தக் கதவு. ரெண்டே உதை. நேத்து வந்த டாக்டரம்மாவாவது என் கதவைத் தட்டி, 'வலி எப்படி இருக்கு'ன்னு கேட்டாங்க. எனக்கு முதுகு வலி இருக்கறது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அசந்து போயிட்டேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள். "எதுல வந்தாங்க?"

"சின்ன லாரி. முன்கண்ணாடியில கண் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர். நம்பர் பார்க்கத் தோணல."

அந்த வீட்டில் இருந்தவள் ஒரு ஓவிய ஆசிரியை. கணவன் லாரிக் கம்பெனி முதலாளி. மாடிப்படியிலிருந்து அவளை அவன் தள்ளிவிட்டதில் வலது கை முறிந்தது. அவள் தானாகத்தான் விழுந்தாள் என்று அவன் வீட்டார் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் ஒருத்திதான், "இல்லை, தள்ளினார்" என்றாள். நாளை மறுநாள் அதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதுவரை உயிரோடு இருக்கத்தான், பெண்கள் காப்பகத்துக்காரர்கள் அவளை யாருக்கும் தெரியாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

யாருக்கும் தெரியாத அந்த இடம் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது.

*

காலை எட்டரை. டாக்டரின் கிளினிக் கதவில் இருந்த வெள்ளை மணியை இன்ஸ்பெக்டர் அழுத்தினாள். மணியின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கண்ணாடிப் புள்ளி. உள்ளே இனிமையாக ஏதோ ஒலித்தது.

ஊரில் உள்ள காப்பகங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு அந்த டாக்டர்தான் தலைவி. அவருடைய அறையில் ஓவிய ஆசிரியை போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். கீழே கதவை உதைக்கிற சத்தம். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

"போன் பண்ணினீங்களா?"

"எப்படிப் பண்றது? போன்ல சிம் கார்டே இல்லை. அவர் அதை வச்சுக் கண்டுபிடிச்சிடுவார்னு முதல் நாளே எடுத்துப் போட்டாச்சு. கைமாற்று மட்டும்தான் இருந்தது. இடது கையால தட்டுத்தடுமாறி எழுதினேன், 'வந்துட்டாங்க, மொட்டை மாடி'ன்னு."

அந்த மூன்று சொற்களும் ரொட்டிக்கடைக் கூரையில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து சலவைக்கடைப் பெட்டிக்கு, பிறகு பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கு என்று கூரைக்குக் கூரை தாவி இந்தக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தன. கிளினிக்கின் ஆம்புலன்ஸ் டிரைவர் செருப்புக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தார். அவர் போட்ட சைரன் சத்தத்தைப் போலீஸ் என்று நினைத்து அந்த மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

கைமாற்று என்றால் கடன் கொடுக்கும் செயலி என்று நினைத்து அதை இறக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அது அப்படி இல்லை. ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் நடுவில் உட்கார்ந்து எல்லாருடைய செய்தியையும் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடே அதில் கிடையாது. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தங்கள் கூரையில் ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சிம் கார்டு இல்லாமலே செய்தி போனிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குத் தாவி, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கைமாறிப் போகும். அனுப்புகிறவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கிற பெட்டி எதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. காசு கிடையாது. எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். கட்டற்ற மென்பொருள் என்பார்கள்.

அதை எழுதியவள் இன்ஸ்பெக்டரின் அண்ணி.

அதை இன்ஸ்பெக்டர் வெளியில் சொல்வதில்லை. அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாள். ஆறு வருஷம் ராப்பகலாக உழைத்து ஒன்றைச் செய்துவிட்டு அதைத் தெருவில் வைத்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது அவளுக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

"இடம் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

காப்பகத்து மேட்ரன் கையைத் தூக்கினார். குண்டான, படபடப்பான பெண்மணி. "நான்தான் அந்த வீட்டைப் பார்த்து முடிவு பண்ணினேன். முந்தா நாள் சாயங்காலம் கைமாற்றுல டாக்டருக்கும் டிரைவருக்கும் செய்தி அனுப்பினேன். அப்புறம் நானே இவளைக் கூட்டிக்கிட்டு வண்டில போனேன். வழியெல்லாம் நான்தான் சொன்னேன், பாலம் தாண்டி இடது பக்கம் திரும்புப்பான்னு..." மேட்ரனின் கை வலப்பக்கம் காட்டியது.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா சொல்றதைக் கேக்கக்கூடாது மேடம். கையைத்தான் பார்க்கணும். இத்தனை வருஷத்துல அதை வச்சுத்தான் பிழைச்சுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கப்புறம் நீங்க அங்கே போனீங்களா?"

"நேத்துக் காலைல போனேன். டிரில்லிங் மெஷினை எடுத்துக்கிட்டுப் போய் அம்மா சொன்ன சில்லறை வேலையெல்லாம் முடிச்சேன். கொடிக்கயிறு கட்டினேன், ஒழுகற குழாயை மாத்தினேன், மணி மாட்டினேன், ஜன்னல் கொக்கி சரி பண்ணினேன். நான் யார்கிட்டயும் வாய் திறக்கல மேடம். எனக்கும் ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மறுபடி உள்ளே போட்டார். பயத்திலா, கோபத்திலா என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை.

"டாக்டர், உங்க போன்ல அந்தச் செய்தியைக் காட்டுங்க."

டாக்டர் காட்டினார். 'பழைய அச்சகம். முதல் மாடி. படி ஏறினதும் இடது கதவு. கைக்கட்டைப் பார்த்துட்டுப் போங்க டாக்டர்.' அவ்வளவுதான்.

அப்போது மணி ஒலித்து, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். பாதுகாப்பு ஆலோசகர். கூட்டமைப்பின் எல்லாக் காப்பகங்களுக்கும் ஒரே தகவல் ஏற்பாடு வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவருடைய கம்பெனிச் சரக்கா, கைமாற்றா என்று அன்று சாயங்காலம் முடிவெடுப்பதாக இருந்தார்கள்.

"மணி நல்லா வேலை செய்யுது போலிருக்கே டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே அவர் இன்ஸ்பெக்டரிடம் தன் அட்டையை நீட்டினார். வழுவழுப்பான அட்டை. மூலையில் திறந்த கண் ஒன்று அச்சிட்டிருந்தது.

"விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். ஆனா எச்சரிச்சேன், டாக்டருக்குத் தெரியும்" என்றார். "அந்த மென்பொருளோட உள்விவரம் அத்தனையும் வெளியில கிடக்கு. உங்க வீட்டுப் பூட்டோட படத்தைத் தெருச் சுவர்ல ஒட்டி வச்ச மாதிரி. எங்க மெஷின் ரெண்டு நாளா காத்துல போற கைமாற்றுச் செய்தியைப் பிடிச்சுச் சோதனை பண்ணிக்கிட்டிருந்தது. உடைச்சிடுச்சு. எங்களால முடிஞ்சா மத்தவங்களாலயும் முடியும்."

தன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் புரியாத எண்களும் எழுத்துகளும் ஓடி நின்றன. கீழே தெளிவான தமிழ் வரி: 'பழைய அச்சகக் கட்டடம், முதல் மாடி, படியேறியதும் வலப்பக்கக் கதவு.'

மேட்ரன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, நான் அனுப்பினதேதான். என்னாலதான் வந்தது."

"உங்க மேல தப்பில்லம்மா. கருவி சரியில்லை" என்றார் ஆலோசகர் கனிவாக.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "சாயங்காலம் கூட்டத்துல கைமாற்றை நிறுத்தச் சொல்லிடலாம்னு இருக்கேன். வேற வழி தெரியல" என்றார்.

இன்ஸ்பெக்டர் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. யாரோ தன் வீட்டுப் பெண்ணைப் பொது இடத்தில் குறை சொல்லக் கேட்டது போல இருந்தது. அப்படி ஒரு கோபம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

*

அண்ணியின் வேலை அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. இரண்டு திரைகள், தூசி தட்டிய ஒரு மேசை, பிரித்துப் போட்ட நாலைந்து கூரைப் பெட்டிகள். அண்ணி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, நாத்தனார் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நேரடியா கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க அண்ணி. கைமாற்றை உடைக்க முடியுமா?"

"என்னால முடியாது."

"எழுதினவங்களே நீங்கதானே."

"எழுதினவளுக்கே முடியாத மாதிரி எழுதறதுதான் இந்த வேலையே. எனக்கு ஒரு திருட்டுச் சாவி வச்சுக்கிட்டேன்னா, அது எப்பவோ ஒரு நாள் இன்னொருத்தன் கைக்குப் போகும்."

"பூட்டோட படத்தைத் தெருவுல ஒட்டியிருக்கீங்கன்னு சொல்றார்."

அண்ணி மெல்லச் சிரித்தாள். "ஒட்டித்தான் வச்சிருக்கேன். படத்தைப் பார்த்தவன் எல்லாம் திறந்துடலாம்னா, அது பூட்டே இல்லைம்மா. சாவி அவங்கவங்க போன்ல இருக்கு. முகம் தெரியாத ஜனங்க எங்கெங்கேயோ உட்கார்ந்து படிச்சுப் பார்த்து, இங்கே ஓட்டை, அங்கே ஓட்டைன்னு எழுதினாங்க. முதல் வருஷம் அழுகை அழுகையா வரும். அடைச்சுக்கிட்டே இருந்தேன். மூடி வச்சிருந்தா அந்த ஓட்டையெல்லாம் திருடன் கண்ணுல மட்டும்தான் பட்டிருக்கும்."

"சாயங்காலம் நிறுத்தச் சொல்லப் போறாங்க."

"நிறுத்தற சுவிட்ச் என்கிட்டயும் இல்லை, அவங்ககிட்டயும் இல்லை. ஒவ்வொருத்தர் பெட்டியும் அவங்கவங்க சொத்து. ஆனா நம்பிக்கை போயிடும். அது போச்சுன்னா பெட்டி இருந்து என்ன?" அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கி, மறுபடியும் நிமிர்ந்தது. "இதைக் கேட்டுக்கோ. அவர் நிஜமாவே உடைச்சிருந்தா நானே எல்லாருக்கும் சொல்லி நிறுத்தச் சொல்றேன். மாலை போட்டு மரியாதையும் பண்றேன். அதுக்கு அவர் ஒண்ணே ஒண்ணு செய்யணும். உள்ளே என்ன இருந்ததுன்னு சொல்லணும். சுமாரா இல்லை. எழுத்துக்கு எழுத்து."

"சொல்லிட்டாரே அண்ணி."

"சொன்னது சரியா இருந்ததா?"

"அதேதான். அச்சகம், முதல் மாடி, படி ஏறினதும்..."

இன்ஸ்பெக்டர் அப்படியே நிறுத்தினாள். காலையில் தான் ஏறிய படியை மனசுக்குள் இன்னொரு தடவை ஏறினாள். மேலே வந்து நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"என்னாச்சு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லை. சாயங்காலம் நீங்களும் கூட்டத்துக்கு வாங்க. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கிட்டு வாங்க."

வாசலுக்கு வந்ததும் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். "அந்த லாரிக் கம்பெனி ஷெட்டுக்கு ஆள் அனுப்புங்க. சின்ன லாரிங்க எல்லாத்தையும் சோதனை போடணும். ஆயுதம் தேடாதீங்க. சுவர்ல மாட்டற சாமான் ஏதாவது கிடைக்குதான்னு பாருங்க."

பிறகு டிரைவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

*

மாலை ஐந்து மணி. கிளினிக்கின் காத்திருப்புக் கூடம். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் காப்பகங்களின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓவிய ஆசிரியை மேட்ரனுக்குப் பக்கத்தில். கடைசி வரிசையில் அண்ணி, மடியில் கைப்பையோடு. அவளை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது.

ஆலோசகர் பேசி முடித்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒரு சின்னச் சந்தேகம். வந்தவங்க அந்த வீட்டை எப்படிச் சரியா கண்டுபிடிச்சாங்க?"

"காலைலயே காட்டினேனே மேடம். செய்திலயே இருக்கு."

"இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஆலோசகர் படித்தார். வலப்பக்கக் கதவு என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் அழுத்தினார்.

"உங்க மெஷின் அங்கே இங்கே ஏதாவது தப்பா படிச்சிருக்குமா?"

"வாய்ப்பே இல்லை. உடைச்சா முழுசா உடையும், இல்லைன்னா ஒண்ணுமே வராது. அந்த மென்பொருளோட அமைப்பே அப்படி."

"அதை நானும் ஒத்துக்கறேன்" என்றாள் அண்ணி கடைசி வரிசையிலிருந்து. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டர், உங்க போன்ல இருக்கறதை நீங்க படிங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பழைய அச்சகம். முதல் மாடி. படி ஏறினதும் இடது..." நிறுத்திவிட்டு, போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். "இடது கதவு."

"உடைஞ்சது எந்தக் கதவு?"

"வலது" என்றாள் ஓவிய ஆசிரியை. "நான் இருந்தது வலப்பக்க வீடு. இடப்பக்கம் தையல்காரர்."

எல்லாரும் மேட்ரனைப் பார்த்தார்கள். மேட்ரன் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். "எனக்குச் சின்ன வயசுலேருந்தே இந்தக் குழப்பம் உண்டு" என்றார் பரிதாபமாக. "எழுதறப்பக்கூட வருமா?"

"வந்திருக்கு. நல்லவேளை வந்தது" என்றாள் இன்ஸ்பெக்டர். "டாக்டர், நேத்து நீங்க போனப்போ முதல்ல எந்தக் கதவைத் தட்டினீங்க?"

டாக்டரின் முகம் சிவந்தது. "தையல்காரர் கதவை. அவர்கிட்ட வலி எப்படி இருக்குன்னு வேற கேட்டேன். நான்தான் கவனிக்காம தட்டிட்டேன்னு நினைச்சேன்."

"இல்லை. நீங்க செய்தியை நம்பிப் போனீங்க, அதனால தப்பான கதவைத் தட்டினீங்க. இந்தச் செய்தியைப் படிச்சுட்டுப் போற யாரா இருந்தாலும் தையல்காரர் கதவைத்தான் உதைச்சிருக்கணும். காலைல வந்த மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவங்க இந்தச் செய்தியைக் கண்ணாலயே பார்க்கல."

அவள் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பார்க்கல. எந்தக் கதவு உடைஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்குப் பொருத்தமா ஒரு செய்தியை நீங்களே எழுதினீங்க."

ஆலோசகர் சிரிக்க முயன்றார். "ஒரு சொல் மாறியிருக்கலாம் மேடம். எந்த மெஷினும்..."

"வாய்ப்பே இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க. சரி, அப்படியே வச்சுக்குவோம். உங்க மெஷின் ஒரே ஒரு சொல்லுல தப்பு பண்ணிச்சு, அந்தத் தப்பும் பார்த்து நிஜக் கதவுக்கே பொருந்திப் போச்சு. அப்படித்தானே?"

அவர் கைக்கணினியை மூடினார். கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"இனி அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கற கேள்வி" என்றாள் இன்ஸ்பெக்டர். "காலைல அந்தச் சுவர்ல நாலு துளை பார்த்தேன். செங்கல் தூள் சாஞ்சு கிடந்த கதவு மேலயும் விழுந்திருந்தது. அப்படின்னா கதவை உடைச்சதுக்கு அப்புறம்தான் எதையோ பிடுங்கியிருக்காங்க. கடிகாரத்தைத் தொடல, பணத்தைத் தொடல. ஆளைத் தேடி வந்தவங்க, ஆள் கிடைக்காத அவசரத்துல, சுவர்ல இருந்த ஒண்ணை மட்டும் பிடுங்கிக்கிட்டு ஓடறாங்க. அது என்னன்னு டிரைவரைக் கேட்டேன்."

"மணி மேடம்" என்றார் டிரைவர் எழுந்து நின்று. "இந்த வாசல்ல இருக்கற அதே வெள்ளை மணி. எல்லா வீட்டுக்கும் போடச் சொல்லி இந்த ஆலோசகர் ஐயா ஒரு பெட்டி நிறைய இலவசமா கொடுத்திருந்தார். நேத்துக் காலைலதான் நான் மாட்டினேன்."

"செய்தி போனது முந்தா நாள். ஒண்ணும் நடக்கல. மணி மாட்டினது நேத்து. இன்னைக்கு ஆள் வந்தாச்சு" என்றாள் இன்ஸ்பெக்டர். "அண்ணி, கொஞ்சம் வாங்க."

அண்ணி எழுந்து வாசலுக்குப் போனாள். கதவு மணியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, டாக்டரின் மேசை விளக்கின் கீழே வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நகத்தால் ஒரு தகட்டைத் தள்ளினாள். உள்ளங்கையில் சின்னதாக ஒன்று விழுந்தது.

"சிம் கார்டு" என்றாள். "நடுவுல இருக்கறது கேமரா. யார் வந்து கதவைத் திறக்கறாங்கன்னு படம் எடுத்து, இருக்கற இடத்தையும் சேர்த்து, இது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கும். எங்கே அனுப்புதுன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது, ஏன்னா உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்க விடமாட்டாங்க."

ஓவிய ஆசிரியை அந்தச் சிறு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என் போன்ல இருந்ததை எடுத்துப் போட்டேன்" என்றாள் மெதுவாக. "என் கதவுல ஒண்ணை மாட்டி வச்சிருந்திருக்காங்க."

"அச்சகத்துல மாட்டின மணிக்கு எதிர்ல தையல்காரரோட பலகை தெரியும். எந்தக் கதவுன்னு சொல்ல அது போதும். கைக்கட்டோட கதவைத் திறக்கறவங்க யாருன்னு அடையாளம் காட்டவும் வேற எதுவும் வேணாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "தங்களையும் அது படம் பிடிச்சிருக்கும்னு பயந்துதான் அவங்க அதைப் பிடுங்கினாங்க. மத்தியானம் லாரி ஷெட்டுல ஒரு வண்டியோட டூல்ஸ் பெட்டியில கிடைச்சது. அந்த வண்டிக் கண்ணாடில ஒரு கண் படம். லாரி எங்கே போகுதுன்னு பார்க்கற கருவியை மாட்டின கம்பெனியோட ஸ்டிக்கர். அதே கண்ணு உங்க அட்டையிலயும் இருக்கு சார். லாரி முதலாளி உங்களோட பெரிய வாடிக்கையாளர். அவருக்கு மனைவி இருக்கற இடம் வேணும். உங்களுக்குக் கைமாற்று ஒழியணும். ஒரே கல்லை எடுத்தீங்க."

ஆலோசகரின் கை கோட்டுப் பைக்குள் இருந்த போனைத் தேடிப் போனது. இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த கான்ஸ்டபிள் அதைத் தானே எடுத்துக்கொண்டார்.

"அவளை அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் ஆலோசகர், முதல் முறையாகத் தாழ்ந்த குரலில். "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னுதான் சொன்னார்."

"மூணு பேரை அனுப்பிக் கதவை உதைச்சா?" என்றாள் இன்ஸ்பெக்டர். "வாங்க, ஸ்டேஷன்ல பேசுவோம்."

அவரைக் கூட்டிக்கொண்டு போனதும், கைமாற்றை எழுதியது தான்தான் என்று அண்ணி சொன்னாள். டாக்டர் எழுந்து அவளிடம் வந்தார். "காலைல உங்க வேலையை நிறுத்தச் சொல்ல இருந்தேன். மன்னிச்சிடுங்க. இனிமே எல்லாக் காப்பகத்துலயும் இதையே வச்சுக்கலாமா? உங்க அனுமதி..."

"அனுமதி எதுக்கு டாக்டர்? அது உங்களுது. ஏற்கெனவே உங்களுதுதான்" என்றாள் அண்ணி. "ஒண்ணு மட்டும். படி ஏறினதும்னு எழுதறப்போ இடது வலதுன்னு எழுதாம கதவு நிறத்தை எழுதச் சொல்லுங்க. அந்த ஓட்டையை மட்டும் என்னால அடைக்க முடியாது."

முதலில் சிரித்தவர் மேட்ரன்தான். பிறகு கூடமே சிரித்தது.

*

கோர்ட்டில் ஓவிய ஆசிரியை நிமிர்ந்து நின்று, "தள்ளினார்" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் நாலு விதமாகத் திருப்பிக் கேட்டார். நாலு முறையும் அதே சொல். கணவனும் அந்த மூன்று பேரும் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே போனார்கள். ஆலோசகரின் கம்பெனி மணிகளை ஊர் முழுக்கச் சுவரிலிருந்து கழற்ற, டிரைவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் போலீஸ் ஸ்டேஷன் மொட்டை மாடியில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியில் நின்றிருந்தாள். கையில் ஒரு கூரைப் பெட்டி. மேலதிகாரியிடம் அனுமதி வாங்க இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது. அவளும் நடந்தாள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் கேட்டார். "இதை எழுதினது யாரு மேடம்?"

"எங்க அண்ணி."

அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பக்கத்து மொட்டை மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தங்களே எழுதிட்டாங்களா?"

"ஆரம்பிச்சது அவங்க. உலகத்துல இருக்கறவங்க எல்லாம் தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. ஒருத்தரோடயும் சண்டை போடாம உட்கார்ந்து திருத்தினாங்க. என்னால ஆகாதுப்பா அந்தப் பொறுமை."

கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு அவள் இணைப்பைக் கொடுத்தாள். பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் அது ஒரு முறை துடித்து அடங்கியது. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு அனுப்பிய ஏதோ ஒன்று, போலீஸ் ஸ்டேஷன் கூரையைத் தொட்டுக்கொண்டு அடுத்த கூரைக்குப் போனது.

"என்ன செய்தி மேடம் அது?"

"தெரியாது" என்றாள் இன்ஸ்பெக்டர். "நமக்கும் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.